முகம் அமைதியாக இருந்தது, கை மரத்துப்போயிருந்தது

கேள்வி: நானும் என் கணவரும் யோக்கோஹாமாவில் வசிக்கிறோம். எனக்கு வயது 33. ஷிபாரி, கின்பாக்கு என்றெல்லாம் சொல்லப்படும் ஜப்பானியக் கயிற்றுக்கட்டை ஒரு வகுப்பில் சேர்ந்து கற்றுவருகிறோம். அவர் கட்டுவார், நான் கட்டப்படுவேன். இரண்டு பேருக்கும் பிடித்துத்தான் செய்கிறோம், யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. எங்கள் ஆசிரியர், "கட்டும்போது பேசாதீர்கள், உடம்பைப் படியுங்கள்" என்பார். மனிதர்கள் பேசிக்கொள்வதில் 93 சதவீதம் உடல்மொழிதான் என்றும் வகுப்பில் சொன்னார்கள். போன வாரம் வீட்டில் கட்டியபோது என் இடது கை மரத்துப்போனது. அவர் அவ்வளவு கவனமாகக் கட்டிக்கொண்டிருந்தார், கலைக்க மனம் வரவில்லை. அவிழ்த்த பிறகு மணிக்கட்டை மேலே தூக்க முடியவில்லை. இப்போது பரவாயில்லை, ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் இன்னும் உணர்ச்சி மந்தமாக இருக்கிறது. "உன் முகம் அமைதியாகத்தானே இருந்தது, சொல்லியிருக்க வேண்டியதுதானே" என்கிறார் அவர். "பார்த்திருக்க வேண்டியதுதானே" என்கிறேன் நான். யார் சொல்வது சரி? பேசாமலேயே புரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இந்தப் பதிலை அவரிடம் காட்டலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கை. மற்றதெல்லாம் அப்புறம்.

புறங்கையில் நீங்கள் சொல்லும் அந்த இடத்தில் மரத்துப்போவதும், மணிக்கட்டைத் தூக்க வலுவில்லாமல் போவதும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் ரேடியல் நரம்பு அழுந்தியிருக்கிறது என்று பொருள். இந்த நரம்பு மேல்கை எலும்பைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கத்துக்கு வருகிறது. எலும்பை ஒட்டியே ஓடுவதால், வெளியிலிருந்து அழுத்தினால் நடுவில் மாட்டி நசுங்கும். குடித்துவிட்டு நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப்போட்டபடி தூங்கியவர் காலையில் மணிக்கட்டு தொங்க எழுந்திருப்பதை 'சனிக்கிழமை இரவு வாதம்' என்று மருத்துவ மாணவர்கள் படிப்பார்கள். அதே நரம்பு, அதே சங்கதி. உங்கள் கணவர் கட்டியது தக்காத்தே-கோத்தே வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மடித்துவைத்து, மார்பையும் மேல்கைகளையும் சேர்த்துச் சுற்றும் கட்டு. அதில் கயிறு இந்த நரம்பின் பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்க்க அழகாக இருப்பதால் புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் ஆசைப்படும் கட்டு அது. அதிகம் பேருக்கு நரம்பு அடிபடுவதும் அதில்தான்.

இப்படி அழுந்திய நரம்பு பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே தேறிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு வாரம் கழித்தும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை என்பதால் மருத்துவரைப் பாருங்கள். ஜப்பானில் இதற்கு செய்கெய்-கெக்கா என்ற எலும்பு, மூட்டு, நரம்புப் பிரிவுக்குப் போகலாம். கூச்சமாக இருந்தால் முழுக் கதையும் சொல்ல வேண்டாம். "மேல்கையைக் கயிறு இத்தனை நிமிடம் அழுத்தியது, அவிழ்த்ததும் மணிக்கட்டு தூக்க வரவில்லை" என்றால் போதும், எங்கே சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கை முழுதாகச் சரியாகும்வரை அந்தக் கையில் கயிறே படக் கூடாது. தளர்வாகக்கூட வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அந்த 93 சதவீதக் கணக்கை மறந்துவிடுங்கள். 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கூட்டல் அது. தனிச்சொற்களை வெவ்வேறு குரலில் கேட்கவைத்தார்கள், முகப் புகைப்படங்களைக் காட்டினார்கள். பேசுபவருக்கு எதிரே இருப்பவர்மேல் விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்றும் குரல் வேறொன்றும் சொன்னால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். "என் இடது கையில் கீழ்ச்சுற்று உறுத்துகிறது" என்ற செய்தியில் 93 சதவீதத்தைப் புருவத்தால் சொல்லிவிட முடியுமா என்று வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனாலும் உங்கள் ஆசிரியர் சொன்னதை முழுவதுமாகத் தள்ளிவிட மாட்டேன். ஜப்பானியக் கயிற்றுக்கட்டில் உடல்வழிப் பேச்சுக்கு உண்மையிலேயே பெரிய இடம் உண்டு. ஷோகன்கள் ஜப்பானை ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) கைதிகளைக் கயிற்றால் கட்டும் ஹோஜோ-ஜுத்ஸு என்ற கலை இருந்தது. கைதியின் அந்தஸ்துக்கும் குற்றத்துக்கும் தக்கபடி கட்டு மாறும். அந்தக் கயிறு பேசியது வேடிக்கை பார்ப்பவர்களிடம். கட்டுப்பட்டவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க அங்கே ஆளில்லை. 20-ஆம் நூற்றாண்டில் ஓவியர் இத்தோ செய்யு (1882–1961) கட்டுண்ட உருவங்களை வரைந்தார். போருக்குப் பின் 1947-இல் தொடங்கிய கித்தான் கிளப் போன்ற இதழ்களில் அது படமாகவும் கதையாகவும் வளர்ந்தது. கட்டுபவருக்கும் கட்டப்படுபவருக்கும் நடுவே நடப்பதுதான் முக்கியம் என்று வலியுறுத்தியவர்களில் யுக்கிமுரா ஹருக்கி (1948–2016) பெயரை அடிக்கடி கேட்கலாம். கொஞ்சம் கயிறு, தரையில் உட்கார்ந்தபடி, மெதுவாக, எதிரே இருப்பவரின் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் பதில் சொல்வதுபோலக் கட்டுவது அவர் வழி. உங்கள் ஆசிரியர் மனதில் இருப்பது இதுவாக இருக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், நம்மில் பலர் இதைப் படத்திலோ மேடையிலோதான் முதலில் பார்க்கிறோம். அங்கே எல்லோரும் மௌனமாக இருக்கிறார்கள். தலை குனிந்திருக்கிறது, கூந்தல் கலைந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. அது கேமராவுக்கான அழகு. அதற்கு முன் அவர்கள் உட்கார்ந்து பேசியது, எந்தத் தோளில் பழைய காயம், எந்த முட்டி மடங்காது, எதைச் செய்யக் கூடாது என்று முடிவு செய்தது எதுவும் படத்தில் வராது. பல வருடம் சேர்ந்து கட்டியவர்களின் மௌனத்தைப் பார்த்து, ஒரு வருடம் கற்ற ஜோடி அதை முதல் பாடமாக எடுத்துக்கொண்டால் கை மரத்துத்தான் போகும்.

அடுத்து, உடம்பு என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று பார்ப்போம். உங்கள் கணவர் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

மூச்சு நன்றாகச் சொல்லும். கயிறு இறுகும்போது மூச்சு நீளமாக வெளியே போனால் உடம்பு இடம்கொடுக்கிறது. பிடித்துவைத்தாலோ நெஞ்சின் மேல்பகுதியில் மட்டும் சிறிது சிறிதாக ஓடினாலோ அங்கே எதோ நடக்கிறது. தோள் காதை நோக்கி ஏறுவது, எச்சில் விழுங்கிக்கொண்டே இருப்பது, கழுத்து விறைப்பது இவையும் அப்படித்தான். கால்விரல் சுருண்டால் வலியாகவும் இருக்கலாம், சுகமாகவும் இருக்கலாம். கண்ணீருக்கும் சிரிப்புக்கும் அதே கதை. பயத்தில் சிரிப்பவர்கள் நிறையப் பேர். முகம் திடீரென வெளிறி, குளிர்ந்து வியர்த்து, கொட்டாவி வந்து, தலை கனத்துத் தொங்கினால் மயக்கம் வரப்போகிறது. அப்போது அர்த்தம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கயிற்றைத் தளர்த்திப் படுக்கவைக்க வேண்டும்.

கை நீலம் பாரித்துக் குளிர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் பதறுவார்கள். அது ரத்த ஓட்டம் தடைப்படுவது. அதையும் கவனிக்க வேண்டும், ஆனால் தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நரம்பு விஷயம் இதற்கு நேரெதிர். கை சிவப்பாக, வெதுவெதுப்பாக, பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கும். சில நிமிடங்களில்கூட நடந்துவிடும். சிலருக்கு மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுரீரென்று வலிக்கும், சிலருக்கு வலியே இல்லாமல் மரத்துப்போகும். உலகத்திலேயே கூர்மையான கண் உள்ளவரும் அதை முகத்தில் படிக்க முடியாது, முகத்தில் அது இருப்பதில்லை. ஆகவே "பார்த்திருக்க வேண்டியதுதானே" என்ற உங்கள் வாதம் இந்த ஒரு விஷயத்தில் நிற்காது. வருத்தப்படாதீர்கள், அவர் வாதமும் நிற்காது. வருகிறேன்.

அவருக்கு உங்கள் முகம் அமைதியாகத் தெரிந்தது. அமைதி என்பது எத்தனையோ காரணத்தால் வரும். கயிற்றுக்குள் நன்றாக ஆழ்ந்துபோனவர்களுக்கு ஒரு கிறக்கம் வரும். ஜப்பானில் அதை நவா-யொய், கயிற்றுப் போதை என்றே சொல்கிறார்கள். அந்த நிலையில் வலி மங்கும், நேரம் தெரியாது, வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்வதே மலையைத் தூக்குவதாக இருக்கும். இன்னொரு அமைதியும் உண்டு. பயத்திலோ திகைப்பிலோ உடம்பு அசையாமல் உறைந்துபோவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மூன்றாவது, நம் ஊரில் பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கிவிடும் அமைதி. கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போகிறது என்ற அமைதி. உங்கள் கடிதத்தைப் படித்தால் அன்று உங்களிடம் இருந்தது இந்த மூன்றாவதுதான் என்று தோன்றுகிறது. மூன்றையும் பார்த்து "பரவசத்தில் இருக்கிறாள்" என்று ஒரே பொருள் எடுப்பவர் உடல்மொழியைப் படிக்கவில்லை, தனக்குப் பிடித்ததைப் படிக்கிறார்.

இப்போது நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி. "அவர் அவ்வளவு கவனமாகக் கட்டிக்கொண்டிருந்தார், கலைக்க மனம் வரவில்லை." அன்று அந்த அறையில் உடல்மொழியை நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர் நீங்கள்தான். அவர் நெற்றிச் சுருக்கம், கையின் வேகம், முடிச்சில் தடுமாறியபோது வந்த பெருமூச்சு, எல்லாவற்றையும் படித்து 'இப்போது தொந்தரவு செய்யாதே' என்று மொழிபெயர்த்துக்கொண்டீர்கள். அவர் அதைச் சொல்லவே இல்லை. முடிச்சு நினைவுக்கு வராமல் திணறிக்கொண்டிருந்திருப்பார், பாவம். ஆக இருவரும் படித்தீர்கள், இருவரும் தப்பாகப் படித்தீர்கள், இருவருமே கேட்டுச் சரிபார்க்கவில்லை. யார் சரி என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: உடம்பில் பார்த்தது ஒரு கேள்வியைக் கேட்கவைக்கலாம். பதிலை அந்த ஆளிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

கட்டுபவரின் உடம்பும் பேசுகிறது என்பதை வகுப்புகளில் அதிகம் சொல்வதில்லை. கட்டப்படுபவர் பெரும்பாலும் கட்டுபவரைப் பார்ப்பதில்லை, அவர் முதுகுப்பக்கம் இருப்பார். கிடைப்பதெல்லாம் கை, மூச்சு, கயிறு. சொல்லாமல் பின்னாலிருந்து சடாரென்று மணிக்கட்டைப் பிடித்தால் உடம்பு விறைக்கும். முதலில் தோளில் உள்ளங்கையை வைத்து, ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்து, பிறகு கையைத் தேடிப் போனால் உடம்பு தானாக வரும். கயிற்றின் இறுக்கம் விட்டுவிட்டு ஏறி இறங்கினால் அவர் பதற்றம் அப்படியே உங்கள் தோலில் தெரியும். ஏழெட்டு மீட்டர் சணல் கயிற்றை அவசரமாக இழுக்கும்போது அதன் நுனி சாட்டைபோல முகத்தருகே பறக்கும். அதைக் கையால் அணைத்து இழுப்பவர் ஒரு வார்த்தையும் பேசாமலேயே 'உன் கண்மேல் எனக்குக் கவனம் இருக்கிறது' என்று சொல்லிவிடுகிறார். முடிச்சு மறந்துபோனால் ஒரு கையை உங்கள் முதுகில் வைத்துக்கொண்டே யோசிக்கலாம். கையை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று போனில் பாடம் பார்த்தால், கட்டுண்டு கிடப்பவருக்கு அந்த அரை நிமிடம் அநாதையாக விட்டதுபோல இருக்கும். உங்கள் கணவர் மௌனமாக இருப்பதைக் கற்க விரும்பினால் இங்கே தொடங்கட்டும். இது ஆபத்தில்லாத மௌனம்.

இனி நடைமுறைக்கு. பேசாமல் புரிந்துகொள்ள வழி உண்டு. ஆனால் முதலில் பேசித்தான் அதை உருவாக்க வேண்டும். அவர் தன் விரலை உங்கள் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை அழுத்துவார், நீங்கள் இரண்டு முறை திருப்பி அழுத்துவீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் வாயால் கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் அவிழ்ப்பதுதான். கையில் ஒரு சின்ன மணியையோ சாவிக்கொத்தையோ கொடுத்துவைத்து, கீழே விழுந்தால் நிறுத்தம் என்றும் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. கையை அழுத்திக் காட்டுவதால் மட்டும் உங்களுக்கு அன்று நடந்தது தெரிந்திருக்காது. விரலை மடக்குவது வேறு நரம்புகளின் வேலை. ரேடியல் நரம்பு மந்தமாகும்போதும் ஓரளவு பிடிக்க வரும். அதனால் பிடியோடு இன்னொன்றும் சேருங்கள். முதுகுக்குப் பின்னால் இருக்கும் கையை மணிக்கட்டிலிருந்து புறங்கைப் பக்கமாக வளைத்துக் காட்டுவது, கட்டைவிரலை விறைப்பாக விரிப்பது. அவர் தன் விரலால் உங்கள் புறங்கையில் லேசான தடை கொடுத்து, நீங்கள் தள்ளும்போது இரண்டு பக்கமும் ஒரே வலு இருக்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டு நொடி வேலை. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் அது அல்நார் நரம்பு, முழங்கையின் உட்பக்கம் அழுந்துகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் அழுந்தினால் பாதத்தைத் தூக்க வராது. ஒவ்வொரு முறை புதிய சுற்று போட்டதும் இந்தச் சோதனை, நடுவில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மறுபடியும். உங்கள் முகம் எப்படி இருந்தாலும் சரி. கிறக்கத்தில் இருப்பவரின் வாய்மொழியைக்கூட முழுதாக நம்ப முடியாது என்பதால் இதைக் கடிகாரத்தை வைத்துச் செய்யச் சொல்கிறேன். அதே காரணத்தால், முன்னால் பேசிக்கொள்ளாத புதிய எதையும் நடுவில் கேட்டு ஒப்புதல் வாங்கக் கூடாது.

உங்கள் பங்குக்கு, 'நிறுத்து' என்பதைத் தவிர வேறு சொற்களும் உங்களுக்கு வேண்டும். நிறுத்து என்றால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயந்துதான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். "இடது கை, கீழ்ச்சுற்று, மரக்குது" என்று நாலு வார்த்தையில் தகவலாகச் சொல்லுங்கள். அவர் காதுக்கு அது குறை சொல்வதாக இருக்காது. அவர் செய்ய வேண்டியது, அந்தக் கயிற்றை உடனே எடுத்துவிடுவது. "கொஞ்சம் நகர்த்திப் பார்க்கிறேன்" என்பது தோல் உறுத்தலுக்குச் சரி, மரப்புக்கும் சுரீர் வலிக்கும் சரிப்படாது. அழகாக ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க நேரமில்லை என்றால் வெட்டிவிட வேண்டும். மருத்துவமனையில் துணியை வெட்டும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நல்ல சணல் கயிறு விலை அதிகம், வெட்ட மனம் வராது. எனவே அந்த முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கழுத்தில் கயிறு வேண்டாம், கட்டுண்டவரைத் தனியே விட்டுப் போகவும் வேண்டாம். தொங்கவிடும் கட்டுகளை இன்னும் ரொம்ப நாளைக்கு நினைக்கவே வேண்டாம்.

உடல்மொழியைப் படிக்கக் கற்றுக்கொள்வது கயிறு அவிழ்ந்த பிறகுதான் நடக்கும். தேநீரோடு உட்கார்ந்து அவர் சொல்லட்டும்: "இரண்டாவது சுற்றில் நீ மூச்சைப் பிடித்தாய், பயந்தாய் என்று நினைத்தேன்." நீங்கள் சொல்லுங்கள்: "பயமில்லை, முடி இழுபட்டது." இப்படிப் பலமுறை ஒத்துப்பார்த்தால்தான் உங்கள் மூச்சு, உங்கள் கால்விரல், உங்கள் சிரிப்புக்கு என்ன பொருள் என்று அவருக்குப் பிடிபடும். இன்னொருவரின் உடம்புக்கு அந்த அகராதி செல்லாது. ஆசிரியரிடமும் நடந்ததைச் சொல்லுங்கள். "மரத்துப்போனால் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கற்றுத்தரவில்லையே" என்று நேராகக் கேளுங்கள். அதற்கும் "உடம்பைப் படி" என்றுதான் பதில் வருமானால் வேறு வகுப்பு பாருங்கள்.

பதிலை அவரிடம் தாராளமாகக் காட்டலாம். காட்டுவதோடு ஒரு நாள் இடம் மாறியும் பாருங்கள். அவர் உட்காரட்டும், கைகளை முன்னால் வைத்து மணிக்கட்டை மட்டும் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாக நீங்கள் கட்டுங்கள். பத்து நிமிடம், பேச்சில்லாமல், கையழுத்தல் மட்டும். நடுவில் நீங்கள் வேண்டுமென்றே முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு முடிச்சோடு போராடுங்கள். அவிழ்த்த பிறகு, அந்தச் சுளிப்பை அவர் எப்படிப் படித்தார் என்று கேளுங்கள்.